தூங்காத பெட்டிகள் அணி

மாமனார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஓடாமல் நின்றிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "இந்த வீட்ல ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி ஆளே இல்ல, ஆனா அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. கரெண்ட் என்ன கிணத்துல ஊறுதா?"

மின்விசிறி ஒன்றும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மருமகன் தண்ணீர் ஜாடியைப் பார்த்துப் பதில் சொன்னார்: "அது சும்மா ஓடல. வேலை செய்யுது."

"வேலையாம்" என்றார் மாமனார், மின்விசிறியிடம்.

அவர்கள் இருவரும் நேரடியாகப் பேசிக்கொண்டு பல வருடங்களாகிவிட்டன. மருமகன் பல்செட் செய்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கல்யாணமான புதிதில், மாமனாரை அசத்திவிட வேண்டும் என்ற ஆசையில் அவருக்கு ஒரு செட் செய்து கொடுத்தார். மாமனார் குடிநீர் வாரியத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெறும் நேரம் அது. பிரிவுபசார விழாவில் புதுப் பற்களோடு மேடையேறி, "சக ஊழியர்களே" என்று அவர் தொடங்கியபோது அந்த 'ச'வில் ஒரு விசில் கிளம்பியது. பின்வரிசையிலிருந்து யாரோ பதில் விசில் அடித்தார்கள். பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டு இறங்கியவர், அன்றிலிருந்து மருமகனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மகளிடம் சொன்னார். மருமகனும் ரோஷக்காரர். அவரும் அதே வழியில் பதில் அனுப்பினார்.

இப்போது மாமனாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அவர் வீட்டில் மாடிப்படி அதிகம் என்பதால் மகள் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். ஆனால் அவள் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். காலையில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். அதுவரை இரண்டு ஆண்களும் மின்விசிறி, ஜாடி, ஜன்னல் திரை ஆகியவற்றின் உதவியோடு காலம் தள்ளினார்கள்.

கம்ப்யூட்டர் விஷயம் இதுதான். பற்களின் வடிவத்தைத் திரையில் வரைந்து பார்ப்பதற்காக மருமகன் ஒரு பெரிய பெட்டி வாங்கியிருந்தார். அந்த வேலை கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரத்தில் அது சும்மா கிடந்தது. அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தை அவர் தானமாகக் கொடுத்திருந்தார். பழைய போர் ஒன்றில் ஏதோ ஒரு கப்பல் ரகசிய எழுத்தில் அனுப்பிய செய்தி. எதிரிப் படைக்காரர்கள் காற்றில் பிடித்து எழுதி வைத்தார்களே தவிர, இன்றுவரை ஒருவராலும் அதைப் படிக்க முடியவில்லை. அதைத் திறக்கும் சாவியாக இருக்கக்கூடிய எழுத்துச் சேர்க்கைகள் கோடானுகோடி. அவற்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, உலகெங்கும் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் தன் பங்கைப் போட்டுப் பார்த்து, "இதில் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறது. அனுப்பினால் புள்ளி. புள்ளிகளுக்காக அணிகள். மருமகனின் அணிக்குத் 'தூங்காத பெட்டிகள்' என்று பெயர். அதில் ஒரு மாட்டு வைத்தியர், ஒரு லிஃப்ட் மெக்கானிக், தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத ஒருவர் எனச் சிலர் இருந்தார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. தரவரிசையில் அவர்களுக்கு நேர் மேலே 'சாவிக்கொத்து' என்றொரு அணி நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது.

குளிர் வந்தபோது மாமனாரின் முழங்கால் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வீட்டில் எந்த அறையில் உட்கார்ந்தாலும் வலித்தது, ஓர் அறையைத் தவிர. பட்டறையில் கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து இதமான காற்று வந்துகொண்டே இருந்தது. முதலில் செய்தித்தாளைத் தேடுகிற சாக்கில் வந்து நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து வந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலை மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் நீட்டி உட்கார்ந்தார். ஆனால் மனிதர் எத்தனை நாள்தான் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்? ஒரு பிற்பகல் ஜன்னல் திரையிடம் கேட்டார்: "இந்தப் பச்சைக்கோடு நகருதே, அது என்ன?"

மருமகன் அதே திரையிடம் விளக்கினார். கொஞ்சம் அதிகமாகவே விளக்கினார். இத்தனை நாளும் யாருமே கேட்காத கேள்வி அது.

மாமனார் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரு தெருவுல லீக்குன்னு தெரியுது, எந்த வீடுன்னு தெரியல. எல்லா வீட்டுக் கதவையும் தட்டணும். அவ்ளோதானே?" என்றார்.

"அவ்ளோதான்" என்றார் மருமகன், ஜன்னல் திரையிடம்.

"அப்ப ஆள் பத்தாது."

மறுநாள் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனை போட்டோ ஸ்டுடியோவில் ஆரம்பித்தார்.

"உங்க கம்ப்யூட்டர் மத்தியானத்துல என்ன பண்ணுது?"

"தூங்குது சார்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"ஏன் தூங்குது?"

"நான் தூங்கறேன் சார், அதான்."

"நீங்க தூங்குங்க. அதை ஏன் தூங்க விடறீங்க?"

வாழ்நாள் முழுக்கக் கதவு தட்டிய மனிதரிடம் ஸ்டுடியோக்காரரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அடுத்து டிராவல்ஸ் ஆபீஸ். அதற்கடுத்து, மாமனாரின் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண். அவள் காலை மடக்கிவிடும்போதெல்லாம் இவர் கம்ப்யூட்டர் பேச்சை எடுக்க, அந்தப் பேச்சை நிறுத்துவதற்காகவே அவள் சம்மதித்தாள். சம்மதம் வாங்கிய இடங்களுக்கெல்லாம் மருமகன் பின்னாலேயே போய் சாவி தேடும் நிரலைப் போட்டுக் கொடுத்தார். இருவரும் சேர்ந்துதான் நடந்து போனார்கள், தெருவின் இரண்டு ஓரங்களிலுமாக.

அணி மளமளவென்று ஏறியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் சாவிக்கொத்து கீழே கிடந்தது. மாமனார் மின்விசிறிக்கு வாழ்த்துச் சொன்னார். மருமகன் உற்சாகத்தில் அணியின் இணையப் பக்கத்தில் ஒரு நன்றிக் குறிப்பு எழுதினார். மாட்டு வைத்தியரின் விடாமுயற்சியைப் பாராட்டினார். மெக்கானிக்கின் புதுப் பெட்டியைப் புகழ்ந்தார். கடைசியில், 'வீட்டில் உள்ள ஒரு பெரியவரும் உதவினார்' என்று முடித்திருந்தார்.

மாமனார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அன்று மாலை மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே மறித்தார்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. பெரியவராம். உதவினாராம். வீட்டுக்குள்ள வந்த பூனையை விரட்ட உதவினவன் மாதிரி எழுதியிருக்காரு."

"அவர் மரியாதையாத்தானேப்பா எழுதியிருக்காரு?"

"எனக்குப் பேர் இருக்குன்னு சொல்லு."

செய்தி பட்டறைக்குப் போனது. "பேர் போட்டா கோவிச்சுக்குவாரோன்னுதான் போடலன்னு சொல்லு" என்று பதில் வந்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. மறுநாள் மாமனார் ஸ்டுடியோக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தான் சேர்த்த கம்ப்யூட்டர்கள் அத்தனையையும் அவரவர் ஒப்புதலோடு சாவிக்கொத்து அணிக்கு மாற்றிவிட்டார். அங்கே அவருக்குத் தடபுடலான வரவேற்பு. பெயரோடு.

தூங்காத பெட்டிகள் மடமடவென்று சரிந்தது. மாட்டு வைத்தியர், 'என்ன ஆச்சு?' என்று எழுதிக் கேட்டார். 'குடும்பப் பிரச்சினை' என்று மருமகன் எழுதினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அணி மாறினாலும் மாமனார் நாற்காலியை மாற்றவில்லை. குளிர் அப்படி. சாவிக்கொத்தின் புதிய தளபதி, தூங்காத பெட்டியின் சூட்டிலேயே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எதிரி அணிக்காரங்க இங்கயே குளிர் காயறாங்க" என்றார் மருமகன், ஜன்னல் திரையிடம்.

"காலுக்கு ஏது அணி?" என்றார் மாமனார், அதே திரையிடம்.

மகள்தான் நொந்துபோனாள். நாள் முழுக்க, கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களோடு தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், இந்த அறைக்கும் அந்த அறைக்கும் தூது போக வேண்டியிருந்தது. சில சமயம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியிலேயே இருப்பார்கள். "அவருக்கே கேட்டிருக்கும்பா" என்பாள். "இருந்தாலும் நீ ஒரு தடவை சொல்லிடு" என்பார் அப்பா.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாலை, பச்சைக்கோடு நின்றது.

சாவி கிடைத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. கண்டுபிடித்தது தூங்காத பெட்டிகளும் இல்லை, சாவிக்கொத்தும் இல்லை. எந்த அணியிலும் சேராத யாரோ ஒருவரின் பழைய மடிக்கணினி. அதன் சொந்தக்காரருக்கே மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்ததாம்.

இருவரும் அதைக் கம்ப்யூட்டர் திரையில் படித்தார்கள். கம்ப்யூட்டரின் இரைச்சல் அடங்கியிருந்தது. அந்த அறை இவ்வளவு அமைதியான இடம் என்று இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. மருமகன் பக்கத்தைக் கீழே நகர்த்தினார். செய்தியின் மொழிபெயர்ப்பையும் போட்டிருந்தார்கள். இத்தனை காலம் உலகமே மண்டையை உடைத்துக்கொண்ட ரகசியம் நான்கு வரிதான். மாமனார் அதை எழுத்துக் கூட்டுவதுபோல் உரக்கப் படித்தார்.

"கடும் மூடுபனி. கரை தெரியவில்லை. முன்பு அனுப்பிய செய்தி கிடைத்ததா என்று தெரிவிக்கவும். மறுபடியும் கேட்கிறோம்."

அவ்வளவுதான். படைகளின் நகர்வு இல்லை, புதையல் இல்லை, சதி இல்லை. மருமகனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. மாமனார் முன்னால் குனிந்து அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, இதுக்குப் பதில் போட்டாங்களா?"

மருமகன் ஜன்னல் திரையைப் பார்த்தார். கேள்வி தனக்கு வந்ததில்லை என்பதுபோல் அது தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியல மாமா" என்றார். "அதே கப்பலோட இன்னொரு செய்தி இருக்கு. அடுத்து அதைத்தான் எடுக்கப் போறாங்களாம்."

"அதுல இருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

"எப்ப ஆரம்பிக்கறாங்க?"

"பேர் கொடுத்தா இப்பவே துண்டு அனுப்புவாங்க. ஆனா இந்தத் தடவை ஸ்டுடியோவை நம்ம அணியில போடணும் மாமா."

"அதெப்படி? என்னை நம்பித்தான் சாவிக்கொத்துல எடுத்திருக்காங்க. வாக்கு மாறக் கூடாது."

"ஏற்கெனவே ஒரு தடவை மாறினீங்களே."

"யார் மாற வெச்சது?"

மகள் அப்போதுதான் டிரைவிங் ஸ்கூல் காரை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, கதவில் கை வைத்திருந்தாள். உள்ளே இரண்டு குரல்களும் மாறி மாறி ஏறின. அவள் நின்று கேட்டாள். 'நீங்க' என்றது ஒன்று. 'நீங்கதான்' என்றது இன்னொன்று. நடுவில் அவள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அவள் கையைக் கதவிலிருந்து எடுத்து, சத்தமில்லாமல் படியிறங்கினாள். காருக்குள் போய், நாள் முழுக்கத் தான் உட்கார்ந்து வந்த இடப்பக்க இருக்கையிலேயே மறுபடியும் உட்கார்ந்தாள். அங்கே அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் இருந்தது. பழக்க தோஷத்தில் அதன் மேல் போய் நின்ற காலை எடுத்து, செருப்பை உதறிவிட்டு, இரண்டு பாதங்களையும் தூக்கி முன்பலகையின் மேல் நீட்டிக்கொண்டாள். உள்ளே சண்டை நன்றாகச் சூடுபிடித்திருந்தது. பட்டறை விளக்கு எரிய, ஜன்னல் திரையில் இரண்டு நிழல்கள் ஒன்றை ஒன்று பார்த்துக் கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தன.