கல்லின் மேற்பக்கம்

அறுத்த கல்லை அலசி எங்கள் நிலவியல் ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் வெளிச்சத்தில் சார் தூக்கிப் பிடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அதில் தப்பு இருப்பது எனக்குத் தெரியும். சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல். வெட்டுமுகத்தில் பவளங்கள் சின்னச் சின்னச் சக்கரங்களாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு பொந்து. பாதியில் கறுத்த சேறு, மீதியில் வெள்ளைப் படிகம். இந்த மலை கடலுக்கு அடியில் பவளத்திட்டாக இருந்த காலத்தில் பொந்துக்குள் சேறு இறங்கி அடியில் தங்கியிருக்கிறது. மேலே மிஞ்சிய இடத்தைப் பிறகு படிகம் அடைத்திருக்கிறது. பாதி டம்ளர் தண்ணீர் மாதிரிதான். சேறு இருக்கும் பக்கம் கீழ். ஆனால் கல்லில் போட்டிருந்த அம்பு சேற்றைக் காட்டி, அதுதான் மேல் என்றது.

"ஒண்ணு மலை தலைகீழா நிக்கணும், இல்ல நாம நிக்கணும்," என்றார் சார். அதே அடுக்கில் எடுத்த மற்றப் பதினொரு கற்களும் சரியாக இருந்தன. அதனால் மலை தப்பித்தது. சார் கல்லறுக்கும் அண்ணன் பக்கம் திரும்பினார்.

கல் மலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே மேற்பக்கம் பார்த்து அம்பு வரைந்துவிட வேண்டும். பிறகுதான் சுத்தியல். எங்களுக்கு அதுதான் முதல் பாடம். அறுக்கும்போது அந்த அம்பு ஓரத்துண்டோடு போய்விடும் என்பதால், அதைப் பார்த்து, அறுத்தெடுத்த ஒவ்வொரு கல் பலகையிலும் அண்ணன் புது அம்பு போடுவார். இருபது வருடமாகப் போடுகிறார். போன மாதம் அவருக்கு வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது.

"கண்ணு இன்னும் சரியாகலையாப்பா?"

"நல்லாத்தான் தெரியுது சார்." கல்லை வாங்கி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "மாத்திப் போட்டிருப்பேன் போல."

"ஓரத்துண்டு எங்க?"

தட்டில் மற்றப் பதினொரு ஓரத்துண்டுகளும் இருந்தன. அது மட்டும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தது உள்ளங்கை அளவுக் கல். என் மேசை டிராயரில், கைக்குட்டைக்குள் இருந்தது.

"பரவால்ல விடு," என்றார் சார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "திங்கக்கிழமையிலேர்ந்து வெளியில குடுத்து அறுத்துக்கலாம். நீ பெட்டி அடுக்குறதைப் பாரு. கண்ணுக்கும் ஓய்வு."

அண்ணன் தலையாட்டினார். நானும் ஏனோ தலையாட்டினேன்.

அந்தக் கல்லை எடுத்தது நான். மலைக்குப் போன அன்றைக்கு அதுதான் கடைசிக் கல். எல்லோரும் கீழே இறங்கி வண்டியில் ஏறிவிட்டார்கள், டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "இருங்க" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். எனக்குக் கூச்சம். ஒரே அடியில் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். வண்டியில் மடியில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இதுதான் மேலாக இருக்கும் என்று ஓர் அம்பு வரைந்தேன். அதையும் வெயில் பட்டுக் கறுத்த மேல்தோலில் வரையவில்லை. உடைந்த புது முகத்தில் வரைந்தேன். உடைத்த பிறகு போட்ட அம்பு என்று பார்த்தவுடன் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு அறுக்கும் அறைக்குப் போனேன். வாள் ஓடவில்லை. அண்ணன் ஒரு கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கல்லாவது தட்டினா சத்தம் போடும், நீ அதுவும் இல்ல" என்று என்னைத் தினமும் சீண்டுகிறவர், இன்று சீண்டவில்லை.

"ஏம்மா, வந்தியா. இந்த அம்பு எந்தப் பக்கம் பாக்குது சொல்லு."

"உங்க பக்கம்ணே."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது." அடுத்த கல்லை எடுத்தார். "இது?"

"சுவர் பக்கம்."

"ம். இது?"

மூன்றாவதை நான் பார்க்கவில்லை. கைக்குட்டையை மேசையில் வைத்துப் பிரித்தேன்.

"நீங்க சரியாத்தான் போட்டீங்கண்ணே. நான்தான் தப்பா வரைஞ்சேன்."

அவர் துண்டை எடுத்து அம்பைப் பார்த்தார். பலகையோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். இரண்டு அம்புகளும் ஒரே பக்கம் பார்த்தன. உடைந்த முகத்தின் மேல் பெருவிரலை ஓட்டினார்.

"உடைச்சப்புறம் போட்டதா?"

"ஆமாண்ணே. வண்டியில."

"இது எங்க இருந்துச்சு?"

"என் டிராயர்ல."

திட்டுவார் என்று நின்றேன். வாளிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சுண்ணாம்புக் குழம்பு அப்பியிருந்த கையைத் தூக்கி இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். எதிர்ச் சுவரோரம் நின்ற மெருகேற்றும் இயந்திரத்தின் எண் தகட்டைப் பார்த்து, "நாலு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு, மூணு" என்று படித்தார். கையை மாற்றி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடியும் படித்தார். அதே எண்கள்.

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"பன்னண்டரைக்குச் சாப்பிடப் போயிடுவாரு."

அவ்வளவுதான் சொன்னார். ஓரத்துண்டை என் பக்கம் நகர்த்தினார். எடுத்துக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அவருடைய இரண்டு புருவங்களிலும் சுண்ணாம்பு வெள்ளையாகக் காயத் தொடங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளாமல், வாளையும் ஓடவிடாமல், கையை மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டு அந்தத் தகட்டைப் படித்துக்கொண்டே இருந்தார்.