நாலு குச்சி

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியும், மூத்தவர் மனைவி பெரியவள், இளையவர் மனைவி சின்னவள் என்ற பெயர்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. பெரியவளுக்கு அறுபத்தேழு வயது. கணவரோடு கீழ்வீட்டில் இருந்தாள். சின்னவளுக்கு அறுபது. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மாடியில் தனியாக இருந்தாள்.

பெரியவள் முப்பத்தொரு வருடம் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள். கடைசிப் பதினெட்டு வருடம் இரண்டாம் தளத்துக்கு அவள்தான் சூப்பர்வைசர். காலையில் கடை திறக்கும்போது நின்றால், மூடும்வரை உட்கார மாட்டாள். விற்பனைப் பெண் யாராவது கவுண்டரில் சாய்ந்தால், "அது ஒண்ணும் விழுந்துடாது, நீ முட்டுக் கொடுக்க வேணாம்" என்பாள். அந்தப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் கம்பியம்மா. அது அவள் காதுக்கும் வந்தது. திட்டுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்திருந்தது.

அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற ஐந்தாம் வருடம் குளியலறை வாசலில் கால் வழுக்கிக் கையை ஊன்றினாள். முழுதாக விழக்கூட இல்லை. மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட டாக்டருக்குச் சந்தேகம் வந்து எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடுப்பிலும் முதுகிலும் எலும்பின் அடர்த்தி நன்றாகக் குறைந்திருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். கை கூடியதும், உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோவிடம் போகச் சொன்னார்.

பிசியோ வாரத்தில் மூன்று நாள் காலையில், வயதான பெண்களைப் பூங்காவுக்கு அழைத்துப்போய் இரண்டு கைகளிலும் கோல் ஊன்றி நடக்கப் பழக்குகிறவள்.

"சும்மா நடந்தா காலுக்கு மட்டும்தாம்மா வேலை. கோலைப் பின்னால ஊணித் தள்ளினா கை, தோள், முதுகு எல்லாம் சேர்ந்துக்கும். எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுத்தாத்தான் அது நம்மகிட்ட இருக்கும். தடுக்கினாலும் ஒரு பிடிமானம்" என்றாள்.

பெரியவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, முடியாது என்று சொல்லிவிட்டாள். "ரெண்டு குச்சியை ஊணிக்கிட்டு நான் தெருவுல போறதா? அதுக்கு இன்னொரு தடவை விழுந்துட்டுப் போறேன்."

கணவர் சொல்லிப் பார்த்தார். மகன் போனில் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"எனக்கும் ஒரு ஜோடி வாங்குக்கா. நானும் வரேன்."

"உனக்கு எதுக்குடி? கல்லு மாதிரி இருக்கே."

"ஒருத்தி போனாத்தானே பைத்தியம்னு சிரிப்பாங்க? ரெண்டு பேராப் போனா ஏதோ விஷயம் இருக்குன்னு நினைச்சுப்பாங்க."

சின்னவள் உண்மையிலேயே கல்தான். ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று நாள் முழுக்கத் தூக்குவாள். அவளுக்குக் கோல் தேவையே இல்லை. இவளுக்குத் துணையாக விடியலில் எழுந்து வந்தாள்.

பூங்கா வாசல்வரை பெரியவள் கோல்களைச் சுருக்கித் துணிப்பைக்குள் வைத்துத்தான் கொண்டுபோனாள். உள்ளே போனதும் நீட்டி, முழங்கை மடங்கி நிற்கும் உயரத்துக்குப் பூட்டி, பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வாள். முதல் வாரம் வலது கையும் வலது காலும் சேர்ந்தே போயின. "அக்கா, பொம்மை மாதிரி நடக்கற" என்று சின்னவள் சிரித்தாள். மூன்றாவது வாரம் நடை பிடிபட்டது. இரண்டாவது மாதம் பெரியவள் மாடிப்படியைக் கைப்பிடி தொடாமல் ஏறினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கணவர் பார்த்துவிட்டார்.

அந்த மாதத்தில்தான் அது நடந்தது. அன்று விடுமுறை நாள். பூங்காவில் கூட்டம். குளத்துப் பக்கம் திரும்பும் இடத்தில், எதிரே துணிக்கடைப் பெண்கள் மூன்று பேர் வருவதைப் பெரியவள் பார்த்தாள். நடுவில் வந்தவள், அவளுக்குப் பிறகு சூப்பர்வைசர் ஆனவள். கவுண்டரில் சாய்ந்ததற்காக அந்தக் காலத்தில் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவளும் அவள்தான்.

பெரியவளின் கைகள் யோசிக்கவில்லை. பட்டைகளைக் கழற்றி, இரண்டு கோல்களையும் சின்னவள் கையில் திணித்தன.

"கம்பியம்மா!" என்று ஒருத்தி வாய்தவறிச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அம்மா, நல்லா இருக்கீங்களா? அப்படியே இருக்கீங்களே!"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். இவளுக்காகத்தான் வந்தேன். என் ஓரகத்தி. பாவம், எலும்பெல்லாம் கரைஞ்சுபோச்சு. தனியா விட்டா எங்கயாவது விழுந்து வைப்பா."

மூன்று பேரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் கையில் நாலு கோல்கள்.

"நாலு குச்சி எதுக்கு?"

பெரியவள் குளத்துப் பக்கம் பார்த்தாள். சின்னவள்தான் பதில் சொன்னாள். "ரெண்டு உடைஞ்சா மாத்திக்க வேணாமா? எனக்கு அவ்வளவு மோசம்." சொல்லிவிட்டு முதுகைக் கொஞ்சம் வளைத்து நின்றாள். பெண்கள் பரிதாபமாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது சின்னவள் அதைப் பற்றிப் பேசவில்லை. காய் விலையைப் பற்றிப் பேசினாள், பிறகு அதையும் நிறுத்திக்கொண்டாள். அன்று முழுவதும் பெரியவளுக்கு அந்த வளைந்த முதுகு கண்ணை விட்டுப் போகவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள். ஒரு வாரம் போன பிறகு, இனிமேல் கிளறுவானேன் என்று தோன்றிவிட்டது.

மூன்று வாரம் கழித்துச் சின்னவள் பட்டப்பகலில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வேலைக்குப் போகலையா?"

"நின்னுட்டேன்க்கா. அலுத்துப்போச்சு."

பெரியவள் அதை நம்பினாள். நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது.

அடுத்த வகுப்புக்குச் சின்னவள் வரவில்லை. பிசியோ பெரியவளை ஓரமாக அழைத்தாள். "உங்க ஓரகத்தி என்கிட்ட ஒரு லெட்டர் கேட்டாங்கம்மா, அவங்க எலும்பு நல்லா இருக்குன்னு. ஸ்கேன் எடுக்காம நான் எப்படிக் கொடுக்கறது? காப்பகத்துல யாரோ அவங்க எலும்பு கரைஞ்சுபோச்சு, தனியா நிக்கக்கூட முடியாதுன்னு சொல்லிட்டாங்களாம். குழந்தையோட விழுந்துட்டா யார் பொறுப்புன்னு வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. யாரு இப்படிச் சொன்னதுன்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டாங்க."

புது சூப்பர்வைசரின் மகள் வழிப் பேரன் அந்தக் காப்பகத்தில்தான் இருந்தான். அது பெரியவளுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி. தெரியாது என்று அன்று சின்னவள் பிசியோவிடம் சொன்ன பொய்தான் அவளை அதிகம் சுட்டது.

மறுநாள் காப்பகத்துக்குக் கிளம்பினாள். தெருமுனை மருந்துக்கடைவரை போனாள். அங்கே தேவையில்லாமல் ஒரு தைலம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். அதற்கடுத்த நாள் போன் செய்து சொல்லிவிடலாம் என்று எண்ணைச் சுழற்றினாள். எதிர்முனையில் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். பதினெட்டு வருடம் பெண்களை மிரட்டிய வாய்க்கு ஒரு வாக்கியம் சொல்லத் தெம்பில்லை. கணவர் தைலத்தைப் பார்த்து, "எங்க வலி?" என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தைலத்தை எடுத்து அலமாரியில் வைத்தார். பிறகு, "நான் வேணா போய்ச் சொல்லட்டுமா?" என்றார். அதைவிட அவமானம் வேறில்லை என்று அவளுக்குப் பட்டது.

மூன்றாம் நாள் காலை, கோல்களை வாசலிலேயே நீட்டி, பட்டைகளை மாட்டிக்கொண்டு இறங்கினாள். எதிர்வீட்டுக்காரர் பல் விளக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பால் பூத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிரவே இல்லை.

குழந்தைகளை விட்டுப்போகிற நேரம். காப்பக வாசலில் ஏழெட்டுத் தாய்மார்கள் நின்றார்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு அந்தச் சூப்பர்வைசரும் இருந்தாள். பெரியவளையும் கோல்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

பெரியவள் நேராக நிர்வாகியிடம் போனாள். அவள் உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். பெரியவள் வாசலிலேயே நின்றாள்.

"எலும்பு கரைஞ்சது எனக்கு. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்திருக்கேன், பாருங்க. என் ஓரகத்திக்கு ஒண்ணும் இல்ல. நான் வெக்கப்பட்டுக்கிட்டு அவமேல பழியைப் போட்டேன். அவ எனக்குத் துணைக்கு நடக்க வந்தவ."

தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசரின் முகம் சிவந்தது. "அன்னிக்கு நீங்கதானேம்மா சொன்னீங்க…" என்றாள் மெதுவாக.

"நான்தான் சொன்னேன். உன்மேல தப்பில்ல."

நிர்வாகி ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இதை ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும். அந்த இடத்துக்கு நேத்து வேற பொண்ணு வந்தாச்சு. அவளை எப்படி அனுப்பறது? மத்தியானத்துக்கு மேல வேணும்னா வரச் சொல்லுங்க. அரை நாள் இருக்கு."

ரெண்டு நாள் முன்னாடி. பெரியவள் வழியெல்லாம் அதையே எண்ணிக்கொண்டு வந்தாள். அந்த இரண்டு நாளில் ஒருநாள் மருந்துக்கடைக்கும் ஒருநாள் போனுக்கும் போயிருந்தது.

சின்னவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பெரியவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"மன்னிச்சுடுன்னு கேக்கவும் எனக்கு வாய் வரலடி."

சின்னவள் தண்ணீரை வடித்தாள். "நீ அப்படிச் சொன்னதுகூடப் பெருசா இல்லக்கா. பயத்துல சொல்லிட்ட. வீட்டுக்கு வர்ற வழியில ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன். வீட்டு வாசல்வரைக்கும் பார்த்தேன். நீ உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்ட."

பெரியவள் கீழே சிந்தியிருந்த அரிசியைப் பொறுக்கினாள்.

"அரை நாளுக்குப் போறேன். குழந்தைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க" என்றாள் சின்னவள். பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் நடக்க வரவில்லை. பெரியவள் ஒரு நாள் விடாமல் தனியாகப் போனாள். பிசியோ, "இப்போ வேகம் கூடியிருக்கும்மா" என்றாள். அந்தப் பாராட்டு அவளுக்கு ஒட்டவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் சின்னவள் பூங்காவுக்கு வந்தாள். பெரியவளோடு வரவில்லை, வேறு வழியாக வந்து, முன்வரிசையில் வேகமாக நடக்கும் ஓய்வுபெற்ற நர்ஸோடு சேர்ந்துகொண்டாள். பெரியவள் கடைசி வரிசையில் நடந்தாள். எட்டிப்பிடிக்க முயலவில்லை. அதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள்.

முன்வரிசை ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போது இருவரும் எதிரெதிரே கடந்தார்கள். சின்னவள் நிற்கவில்லை.

"தோளை இறக்குக்கா, காதுவரைக்கும் ஏறியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவள் தோளை இறக்கினாள். கண்ணில் நீர் முட்டியது. கை இரண்டும் பட்டையில் மாட்டியிருந்ததால், துடைக்காமல் அப்படியே நடந்தாள்.