ஹாலமின் வட்டம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான்தான்.

டெர்பி நகரில் எங்கள் தெருமுனை மதுக்கடைத் தொலைக்காட்சியில் இங்கிலாந்தின் கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கம் தடுத்தாடுபவன், பந்தைக் கோட்டை விட்டான். "எருமை, நடக்குறதுக்கா சம்பளம் வாங்குற" என்று தமிழில் கத்தினேன். இருபத்தேழு வருஷமாக இந்த ஊரில் எனக்குள்ள சலுகை அது ஒன்றுதான்: யாருக்கும் புரியாமல் திட்டலாம். பக்கத்தில் நின்ற பெரியவர், "என்னப்பா சொன்ன?" என்று கேட்டார்.

"பையன் களைச்சுப் போயிட்டான்னு சொன்னேன்."

"ஆமா, பாவம். இந்த மாசம் அவனுக்கு இது ஒம்பதாவது ஆட்டம்."

நான் கத்தியதைவிட என் பொய் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், எழுதியும் உறுத்தல் போகவில்லை.

2

முதல் தொடக்கம்: "டெரிக் ஹாலம் கண்ணாடி முன் நின்று டையைச் சரிசெய்தபோது அவர் மனதில்..."

வேண்டாம். கண்ணாடி முன் நிற்கும் ஆட்களைப் படித்து நீங்களும் அலுத்திருப்பீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: "இங்கிலாந்து ஆட்டக்காரர்களின் குறைகள் ஐந்து."

இது கட்டுரை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், டெரிக்கின் பிழைப்பே இந்த ஐந்தில்தான் ஓடுகிறது. ஒரு கோல் முன்னிலை கிடைத்ததும் சொந்த வலைக்கு முன்னால் போய்ப் பதுங்கிக்கொள்வார்கள். நெருக்கினால் பந்தைப் பக்கவாட்டிலேயே தள்ளிக்கொண்டிருப்பார்கள். பழகிய காலைத் தவிர இன்னொரு காலை நம்ப மாட்டார்கள். கிளப்புக்குப் புலி, நாட்டின் வெள்ளைச் சட்டையைப் போட்டால் கால் கனத்துவிடும். ஐந்தாவது என்னவோ, பெனால்டி என்று நினைக்கிறேன். பதினான்கு வருஷமாக டெரிக் தொலைக்காட்சியில் இதைத்தான் சொல்கிறார். பெயர்கள் மட்டும் மாறும். கல்யாண வீட்டில் சமையல்காரர் யாராக இருந்தாலும் சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்ல ஒரு மாமா இருப்பார் இல்லையா, அப்படி.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் லெஃப்ட் பேக். நாட்டுக்காக நான்கு முறை ஆடியவர். இப்போது அவர் பெயர் ஊருக்குத் தெரிவது வட்டத்தால். இடைவேளையில், வாங்கிய கோலைத் திரையில் உறைய வைத்து, தப்பு செய்தவனைச் சுற்றி விரலால் ஒரு மஞ்சள் வட்டம் போடுவார். அவ்வளவுதான். போன போட்டித்தொடரில் அவர் வட்டம் போட்ட கோல்கீப்பருக்குப் போன மைதானமெல்லாம் ஊளைச் சத்தம். அடுத்த வருஷம் நாட்டுக்காக ஆட அழைத்தபோது வர முடியாது என்று எழுதிவிட்டான்.

(எந்தத் தொடர், எதிரணி எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். உடனே தேதியைத் தேடிப் போய்விடுவீர்கள்.)

3

டெரிக்கின் உற்ற நண்பர் கென் பிக்கரிங். சேர்ந்து ஆடிய காலத்தில், வெளியூர் ஆட்டங்களில் இருவருக்கும் எப்போதும் ஒரே அறை. கென்னின் மகன் ஜோயல்தான் இன்று இங்கிலாந்தின் லெஃப்ட் பேக். ஆட்டத்துக்கு முந்தைய ஞாயிறு, கால்வாய்க் கரையில் நாய்களோடு நடந்தார்கள்.

"ஜோயல் எப்படிடா இருக்கான்?"

"தூக்கம் வரலையாம். தெனம் அவங்கம்மாவுக்கு ஃபோன்."

"நான் ஏதாவது சொல்ற மாதிரி ஆயிட்டா..."

"உன் வேலைய நீ பாருடா. நாங்க சத்தத்த அமுக்கிட்டுத்தான் பாக்குறது. உன் கொரலக் கேட்டாலே லிண்டா, பெத்தவ இல்லையா, ரிமோட்டத் தேடுறா."

"அப்ப நான் என்ன சொன்னாலும் உங்களுக்குக் கேக்காது."

"வட்டம் தெரியுமில்ல. அது போதும்."

கென் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். டெரிக் சிரிக்கவில்லை.

4

நாற்பத்தோராவது நிமிடத்தில் கோல் விழுந்தது. எதிரணி வீரன் ஜோயலைக் கடந்து ஓடுகிறான்; மூன்றாம் எண் சட்டையில் ஜோயல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். பஸ்ஸுக்குக் கை காட்டுபவனைப் போலத்தான் இருந்தது, மறைப்பானேன்.

தயாரிப்பாளர் பிரியோனியின் குரல் டெரிக்கின் காதுக்கருவியில் வந்தது. "கோலுக்கு முன்னாடி நாலு நொடி போடுறோம். வட்டம் மூணாம் நம்பருக்கு. சரிதானே டெரிக்?"

"பன்னண்டு நொடியிலேர்ந்து போடும்மா."

"எதுக்கு? கையத் தூக்கிட்டு நிக்கிறான், பச்சையாத் தெரியுது."

"சும்மா நிக்கல. ஒருத்தனா ரெண்டு பேரப் பாத்துக்கிட்டிருக்கான். நம்ம பதினெட்டாம் நம்பரப் பாரு. பந்த விட்டுட்டு இடுப்புல கை வெச்சு நிக்கிறான். அவன் உதவிக்கு ஓடி வந்திருக்கணும்."

"நமக்கு இருக்கிறதே தொண்ணூறு நொடி." பிரியோனி குரலைத் தாழ்த்தினாள். "கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. மூணாம் நம்பர் உங்க ஃப்ரெண்டு பையன்ங்கிறதாலயா இது?"

ஒரு லெஃப்ட் பேக்குக்கு அந்தப் பன்னிரண்டு நொடி கண்ணை மூடினாலும் தெரியும். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கோல்கீப்பருக்கு டெரிக் நான்கு நொடிக்கு மேல் கேட்டதே இல்லை. இது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

[இங்கே, இளமையில் டெரிக்கையும் ஒருவர் இப்படி வட்டம் போட்டுக் கவிழ்த்ததாக ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அது இருந்தால் அவர் நல்லவராவது ரொம்பச் சுலபமாகிவிடும்.]

"சரி, பன்னண்டு," என்றாள் பிரியோனி. "ஆனா வட்டம் யாருக்காவது போட்டாகணும். வட்டம் இல்லாம நீங்க எதுக்கு?"

கதை எழுதும் எனக்கும் இதே சிக்கல்தான். எந்த நொடியில் தொடங்குகிறேனோ அதற்கேற்ற குற்றவாளி கிடைக்கிறான். முப்பது நொடி முன்னால் போனால் பயிற்சியாளர் எல்லையோரம் நின்று பதினெட்டாம் எண்ணைப் பார்த்து என்னவோ கத்துகிறார். இன்னும் முன்னால் போனால்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குப் பொறுமை இல்லை.)

5

முடிவு, முதல் வகை. டெரிக் ஜோயலுக்கே வட்டம் போட்டு, "இந்தப் பையன் மேல தப்பே இல்ல" என்று விளக்குகிறார். நாடு முழுக்கக் கேட்கிறது. கென்னின் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. லிண்டா எழுந்து சமையலறைக்குப் போகிறாள். அடுத்த ஞாயிறு கால்வாய்க் கரையில் ஒரு நாய்தான் நடக்கிறது.

இரண்டாம் வகை. டெரிக் விரலை எடுத்துக்கொண்டு, "இன்னிக்கு வட்டம் கிடையாது" என்கிறார். இதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது; அதனாலேயே சந்தேகம் வந்தது. அவர் போடாவிட்டால் மதுக்கடையில் நாங்கள் போட்டுக்கொள்வோம். நாங்கள் போட்டால் கை தூக்கியவனுக்குத்தான் போடுவோம். எனக்கு என்னைத் தெரியும்.

மூன்றாம் வகை, பதினெட்டாம் எண். நியாயமானது. பன்னிரண்டு நொடியும் சாட்சி சொல்கிறது. கென் கும்பிடாத குறையாக நன்றி சொல்வார். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன், பாதியில் கை ஓடவில்லை.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். டெரிக்குக்குப் பெயர் வைத்தேன், கென்னுக்கு, அவர் மனைவிக்கு, ஒரு வரியும் பேசாத ஜோயலுக்குக்கூட. பதினெட்டாம் எண்ணுக்கு வைக்கவில்லை. மறதி இல்லை. அவனுக்கு இருபது வயது, முதல் ஆட்டம், இது வரைக்கும் தெரியும். பெயர் வைத்தால் ஒரு வீடு வரும், வீட்டில் ஒரு அப்பா வருவார். அவரும் சத்தத்தை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

பிரியோனி எண்ணத் தொடங்கிவிட்டாள். அஞ்சு, நாலு. திரை உறைந்து நிற்கிறது. டெரிக் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், நான் உங்களைப் பார்க்கிறேன்.

வட்டத்தை நீங்களே போடுங்கள். அதற்கு முன் அந்தப் பையனுக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள்.