பெரியம்மா சொன்ன ஐந்து வயது

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் என்னிடம், "சார், அந்த கார்ட்டூன் சண்டைப் படத்துக்கு எங்க சின்னவனைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டார். "தாராளமா," என்றேன். நான் அந்தப் படத்தின் பின்பாதியில் குறட்டை விட்டுத் தூங்கியவன். அவர்கள் போய்விட்டுச் சிரித்துக்கொண்டேதான் திரும்பினார்கள். ஆனாலும் உறுத்தல் போகவில்லை. என் தப்பை ஒரு பெண் தலையில் கட்டி எழுதினால் போகுமா என்று பார்க்கிறேன்.

2

அவள் நாளிதழ் ஒன்றில் 'கூட்டிப் போகலாமா?' என்ற பத்தியை எழுதுகிறவள். கறாரானவள். படம் பார்க்கும்போது மடியில் நோட்டு இருக்கும். இந்தப் படத்துக்கு* எழுதியது: அடி, நாற்பத்தொன்று. ரத்தம், இல்லை. கெட்ட வார்த்தை, ஒன்று. அதுவும் ஆமை சொன்னது. தீர்ப்பு: ஐந்து வயதிலிருந்து பார்க்கலாம்.

(*பெயர் வைக்கவில்லை. வைத்தால் நீங்கள் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.)

அதை நம்பி அவளுடைய தங்கை சனிக்கிழமை காலைக் காட்சிக்கு மகளைக் கூட்டிப் போனாள். மகளுக்கு ஐந்து வயது. உருவத்தையும் காரத்தையும் பார்த்து வீட்டில் வைத்த பெயர் மிளகு. கீழ்வீட்டு நாய் துரத்தியதிலிருந்து தனியாகப் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள், பத்து நாளாகத்தான் தன் கட்டிலில் படுக்கிறாள்.

3

வானம் இருண்டு, காற்று ஊளையிட

(அடித்துவிட்டேன். பகல் பதினொன்றரை மணி. வானம் எதற்கு இருள வேண்டும்?)

அதே சனிக்கிழமை, அலுவலகத்தில் பக்கம் வடிவமைப்பவர் அவளிடம் சொன்னார்: "மேடம், நேத்து அந்தப் படம் பார்த்தேன். கடைசில அந்த மிருகம் கத்துச்சு பாருங்க, என் நாற்காலியே ஆடிப்போச்சு."

"கத்துச்சா? அது பூனை மாதிரி 'உர்ர்'னுதானே சொல்லும்?"

"பத்திரிகைக்காரங்களுக்கு முன்னாடியே போட்டுக் காட்டினாங்கல்ல, நீங்க பார்த்தது முடிக்காத பிரதியா இருக்கும். சத்தமெல்லாம் அப்புறம்தானே சேர்ப்பாங்க."

ஆம், அவள் பார்த்த மிருகத்துக்கு நிறம்கூட இல்லை. பிசைந்து வைத்த மாவு போல இருந்தது. அதன் குரலுக்கு யாரோ ஓர் ஊழியர் வாயால் உறுமியிருந்தார். முழுப் படம் வேறாக இருக்குமே என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. எண்ணுவதில்தான் கவனமெல்லாம்.

தங்கையின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அவள் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தியேட்டருக்கு ஓடினாள். அலறிய குழந்தை, இனி தனியாகப் படுக்காத குழந்தை, இனி தன்னை நம்பாத தங்கை. வழியெல்லாம் அவளுக்கு இதேதான்.

4

இங்கே இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் மிளகு அழுதுகொண்டே வெளியே வருகிறாள். நான்கு வரி எழுதினேன், மனசு கேட்கவில்லை. என் கதை நன்றாக வர வேண்டும் என்று ஒரு பிள்ளையை அழவைப்பதா?

இரண்டாவதில் அவள் துளியும் பயப்படவில்லை, பெரியவர்கள் பாடம் கற்கிறார்கள். அதைப் படித்தால் நீங்களே கொட்டாவி விடுவீர்கள்.

ஆகவே நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

5

தியேட்டர் கதவு திறந்தது. கூட்டத்தின் நடுவே தங்கையும் மிளகும் கைகோத்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் முடி கலைந்திருந்தது.

"என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது?"

"படம்... படம் எப்படி இருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்?" என்றாள் தங்கை.

மிளகு விளக்கினாள்: "பெரியம்மா, அந்த மிருகம் வந்துச்சா, நாங்க கண்ணை மூடிக்கிட்டோம். அம்மா என் காதைப் பொத்தினாங்க. நான் அம்மா காதைப் பொத்தினேன். பாட்டு வர்ற வரைக்கும்!"

"பயந்துட்டியாடா கண்ணு?"

"கொஞ்சம். அம்மாவுக்குத்தான் நிறைய. நான் பக்கத்துல இருந்தேன்ல, அதான் அம்மா அழல."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"தப்பு என் மேலதான். நான் பார்த்தது அரைவேக்காடு. அதைப் பார்த்துட்டுத் தீர்ப்பு வேற எழுதிட்டேன்."

"அதையே நாளைக்குப் பேப்பர்ல எழுதிடு," என்றாள் தங்கை. "ஆனா என்னைப் பத்தி எழுதிடாதே. மானம் போயிடும்."

அவள் அன்றே எழுதிக் கொடுத்தாள்: 'என் கணக்கு தவறு. சத்தம் பெரிது. பக்கத்தில் உட்கார்ந்து, தேவைப்பட்டால் காதைப் பொத்த ஆள் இருந்தால் கூட்டிப் போகலாம்.'

இதோடு முடித்திருப்பேன். ஆனால் படியிலிருந்து அவள் எழுவதற்கு முன்பே மிளகு அவள் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஒன்று கேட்டுவிட்டாள்:

"பெரியம்மா, நீங்க பார்த்தீங்கல்ல? கடைசில அந்த மிருகம் என்ன பண்ணுச்சு?"

6

அவளுக்குப் பதில் தெரியும். தூங்கிப்போன எனக்கும், பிறகு கேட்டு வைத்ததால், தெரியும். ஆனால் எவ்வளவு சொல்லலாம், எதை விழுங்கலாம் என்பதை நான் எழுத மாட்டேன். தாளில் இருந்துகொண்டு எனக்கு, கேட்கிற குழந்தையின் முகம் தெரியாது. உங்களுக்கு அப்படி ஒரு முகம் தெரியும். குனிந்து அதை நன்றாகப் பாருங்கள். பார்த்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள்.