முதல் சார்ஜ்

ஷெட்டுக்குள் அப்போது இருந்தவர்கள்: கயிற்றுக் கட்டிலில் அரியமுத்து, காலையில் இறந்தவன். கால்மாட்டில் அவன் மனைவி பொன்னாயி. தலைமாட்டில் அவன் அண்ணன் கருப்பண்ணன். மழைக்கு ஒதுங்கியதுபோலக் கதவோரம் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர். அந்தப் பக்கம், செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்திய பேட்டரி வண்டி. இன்னும் ஒரு தடவைகூட ஓடாதது. அதையொட்டி மரப்பலகைகளின் மேல் வரிசையாகப் பேட்டரிகள், மூடி கழற்றப்பட்டு, சார்ஜ் ஏற ஏற உள்ளே ஆசிட் நுரைத்துக்கொண்டிருந்தது. பேட்டரிகளுக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவர்களின் தங்கை வேம்பு.

கருப்பண்ணன் ஒரு கையில் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கையும் இன்னொரு கையில் தீப்பெட்டியையும் வைத்திருந்தான். வேம்பு அந்தத் தீப்பெட்டியைப் பிடுங்கிக் கதவுக்கு வெளியே எறிந்தாள். அது சேற்றில் விழுந்து மழையில் ஊறியது.



"பைத்தியமாடி ஒனக்கு?" என்றான் கருப்பண்ணன்.

"இங்க நெருப்பு ஆகாதுண்ணே. பேட்டரியிலேருந்து ஒரு காத்து வருது. கண்ணுக்குத் தெரியாது. பத்திக்கும்."

"தலமாட்டுல வெளக்கு இல்லாமக் கெடக்க இவன் என்ன அனாதப் பொணமா? அந்த எழவ நிறுத்து. அப்புறம் ஏத்துறேன்."

"நிறுத்த முடியாதுண்ணே."

அவள் சொன்னது பிடிவாதம் இல்லை. புதுப் பேட்டரியில் ஆசிட் ஊற்றியபின் கொடுக்கிற முதல் சார்ஜை மூன்று பகல் மூன்று இரவு விடாமல் கொடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் கெட்டுப்போகும். பிறகு எவ்வளவு கொடுத்தாலும் வாங்காது. அரியமுத்துவும் வேம்புவும் மாறி மாறித் தூங்கி இரண்டு நாளைக் கடத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அரியமுத்து ஒவ்வொரு பேட்டரியாக உள்ளங்கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே வந்தவன், வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். "தண்ணி கொண்டாடா" என்றான். ஆம்பளைப் பையனைக் கூப்பிடுவதுபோலத்தான் அவளைக் கூப்பிடுவான். அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க அவன் இல்லை.

வீட்டுக் கூரை ஐப்பசி தொடங்கியதிலிருந்தே ஒழுகியது. தரையில் தண்ணீர் நின்றது. அதனால்தான் ஷெட்டிலேயே கட்டிலைப் போட்டார்கள்.

கல்லங்குறிச்சி ரோட்டில் இந்த ஷெட்டைப் போடுவதற்கு முன் அரியமுத்து சிமெண்ட் ஆலையில் மெக்கானிக். பெட்ரோல் விலை ஏறிய வருடம் ஆலைக்கு பம்பாயிலிருந்து பேட்டரி வண்டி ஒன்று வந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை. மூட்டைக் கிடங்குக்குள் லாரி நுழையாத இடத்தில் எல்லாம் நுழைந்தது. பழுதானதும் பிரிக்கத் தெரிந்தவன் யாரும் இல்லை. மூலையில் தள்ளிவிட்டார்கள். அரியமுத்து அனுமதி வாங்கிப் பிரித்தான். ஓட வைத்தான். அதோடு நின்றிருந்தால் ஆலையிலேயே ஓய்வு பெற்றிருப்பான். இதை நாமே செய்யலாமே என்று தோன்றியதுதான் வினை.

முதல் வண்டிக்கு ஜீப்பின் ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்தான். தெருமுனை தாண்டுவதற்குள் புகைந்து செத்தது. ஸ்டார்ட்டர் ஒரு நொடி வேலைக்குப் பிறந்தது, நாள் முழுக்க இழுக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு மோட்டார் செலவானது. இரண்டாவதற்கு வேறு மோட்டார் தேடி அலைந்தான். பெரம்பலூர் லாரிப் பட்டறைகளில் அச்சும் பல்சக்கரமும் பொறுக்கினான். அந்த வண்டி ஆண்டிமடத்தில் ஒரு முந்திரிக் கிடங்கில் இன்றைக்கும் ஓடுகிறது. மனிதன் நடக்கும் வேகம்தான். ஆனால் மனிதன் தூக்காததைத் தூக்கும். மூன்றாவது இது, ஆலைக்கு. நாளை மறுநாள் ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் இன்னும் நாலு வண்டி கேட்பார்கள்.

வேம்பு விக்கிரமங்கலத்தில் புருஷனை விட்டுவிட்டு வந்தவள். வந்த அன்று அரியமுத்து ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றக் கற்றுக்கொடுத்தான். ஈயம் பற்ற வைக்கக் கற்றுக்கொடுத்தான். அவளுடைய சேலைகள் எல்லாம் ஆசிட் தெறித்துச் சல்லடையாக இருந்தன. ஊரில் கேலி பேசினார்கள். அவளுக்கு அந்த ஓட்டைகள் பிடித்திருந்தன.

"நாளைக்கே காயலாங்கடக்காரன வரச் சொல்லிடுறேன்" என்றான் கருப்பண்ணன், விளக்கைக் கீழே வைக்காமல். "இத வித்துத்தான் கருமாதி பண்ணணும். நீயும் விக்கிரமங்கலம் போற வழியப் பாரு. இனிமே இங்க ஒனக்கு என்ன இருக்கு?"

வேம்பு குனிந்து ஒரு பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு சரியாக இருந்தது.

மத்தியானம், காலை ஷிப்டு முடிந்து ஆலையிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். உடம்பெல்லாம் சிமெண்ட், மழையில் நனைந்து சாந்தாக வழிந்தது. மேஸ்திரி வைரக்கண்ணு வாசலிலேயே பீடியைக் காலில் போட்டு மிதித்துவிட்டு உள்ளே வந்தார். அரியமுத்துவையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாடை எதுக்குண்ணே? அவரு வண்டியிலேயே கொண்டுபோயிடுவோம். ராசா மாதிரிப் போகட்டும்."

பெண்கள் தலையாட்டினார்கள். பொன்னாயி அன்று முதல் முறையாக முகத்தை நிமிர்த்தினாள். கருப்பண்ணனுக்கே அது பிடித்துப்போனது. "அதுதான் சரி" என்றான்.

வேம்புவுக்கும் கண்ணில் தெரிந்தது: கல்லங்குறிச்சி ரோட்டில் சத்தமில்லாமல் நகரும் வண்டி, அதன்மேல் அண்ணன், ரோட்டின் இரண்டு பக்கமும் சனம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளைத் திட்டுகிற வாயெல்லாம் மூடிக்கொள்ளும்.

"வேணாம்" என்றாள்.

"என்னது?"

"இன்னும் முழுசா ஏறல. இப்பக் கழட்டி மாட்டுனா சுடுகாடு வரைக்கும் போகும். அதுக்கப்புறம் எங்கயும் போகாது."

"கூடப் பொறந்தவளாடி நீ?" கருப்பண்ணனின் குரல் உடைந்தது. "வெளக்கும் வைக்க விடமாட்டே, வண்டியிலயும் ஏத்தமாட்டே."

வேம்பு பேட்டரி வரிசைக்கு முன்னால் நின்ற இடத்திலேயே நின்றாள்.  

பொன்னாயி எழுந்தாள். இந்தப் பேட்டரிகளை அவள் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஒங்கண்ணன் கொண்டாந்த சக்களத்திங்க' என்றுதான் சொல்வாள்.

"மாமா, அவர வெளிய தூக்குங்க."

"மழை கொட்டுதேம்மா."

"கொட்டட்டும். வெளிய போட்டு வெளக்கு ஏத்துங்க. அது பாட்டுக்கு இங்க வேகட்டும்."

கட்டிலைத் தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். வைரக்கண்ணு லாரித் தார்ப்பாய் ஒன்று கொண்டுவந்தார். கட்டக் கம்பம் இல்லை. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினார்கள். அதன் கீழே கருப்பண்ணன் வைரக்கண்ணுவின் தீப்பெட்டியை வாங்கி விளக்கை ஏற்றினான். காற்றுக்குச் சுடர் படுத்து எழுந்தது. பொன்னாயி ஒரு முறத்தைச் சாய்த்து மறைத்தாள்.

கை வலித்தவன் விலக, அடுத்தவன் மூலையைப் பிடித்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. காலையிலிருந்து மூட்டை தூக்கிய தோள்கள். சாயங்காலம்வரை அந்தத் தார்ப்பாய் இறங்கவே இல்லை.

வேம்பு ஷெட்டுக் கதவருகே வருவாள், பார்ப்பாள், உள்ளே போவாள். தார்ப்பாய் பிடித்தவர்கள் பேசுவது கேட்டது.

"ஆண்டிமடத்து வண்டியப் பாத்துட்டு நான் அவருகிட்டக் கேட்டேன்டா. யோவ், ஒன் வண்டிக்கு முன்னாடி நான் நடந்துபோயி டீயே குடிச்சிருவேன்யான்னு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"எனக்கும் ஒரு டீ சொல்லி வையி, ஒன்னோட மூட்டையையும் சேத்து ஏத்திக்கிட்டு வரேன்னாரு."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். 

"முதுகு ஒடியாம ஒரு காலம் வரும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு மனுசன்" என்றார் வைரக்கண்ணு. "நாங்க சிரிப்போம்."

மழை தூறலாகக் குறைந்தபோது பாடை கட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆண்டாயி ஓட்டையில்லாத சேலை ஒன்றைக் கொண்டுவந்து வேம்புவின் தோளில் போட்டுவிட்டுப் போனாள். அதைக் கட்டிக்கொண்டு வந்து வேம்பு அண்ணனின் வாயில் அரிசி போட்டாள். ஆசிட் பட்டுக் காய்த்துப்போன விரல்களுக்கு அரிசி உறைக்கவே இல்லை. அழுகை வரவில்லை. உள்ளே பேட்டரிகளுக்கு அடுத்துச் சூடு பார்க்க வேண்டிய நேரமாகியிருந்தது.

அரியமுத்துவுக்குப் பிள்ளை இல்லை. கருப்பண்ணன்தான் கொள்ளிச்சட்டி எடுத்தான். சுடுகாட்டு வழி ஷெட்டை ஒட்டிப் போகிறது. சட்டியில் தணல் கனன்றது. ஷெட்டுக்கு நேராக வந்ததும் அவன் நின்றான். திறந்திருந்த கதவைப் பார்த்தான். அதில் நின்ற வேம்புவைப் பார்த்தான்.

"ஓடுமா அது?"

"ஓடும்ணே."

அவன் வழியை விட்டு இறங்கினான். முற்றத்தின் அந்தக் கோடியில், முழங்கால் புதையும் சேற்றில், வேலியை ஒட்டிச் சட்டியைத் தாங்கிக்கொண்டு சுற்றிப் போனான். பாடையும் அவன் பின்னால் சேற்றில் இறங்கிச் சுற்றிப் போனது. தூக்கியவர்களில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பெண்கள் தெருமுனைவரை போகக் கிளம்பினார்கள். வேம்பு ஒரு எட்டு வைத்தாள். பொன்னாயி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ எங்க வர்றே? உள்ள யாரு பாக்குறது?"

"அண்ணி..."

"எழவுக்கு வர்றவனெல்லாம் பீடியும் கையுமா எட்டிப் பாப்பான். உள்ள போ. நான் பூட்டிட்டுப் போறேன். குளிச்சிட்டு வந்து தொறக்குறேன்."

வேம்பு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. இருட்டிவிட்ட ஷெட்டுக்குள் பேட்டரிகள் மெல்லக் கொதிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. முதல் பேட்டரியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். வெளியே நாதாங்கி விழுந்தது. பூட்டு ஒருமுறை இழுத்துப் பார்க்கப்பட்டது.