விடத் தெரியாத நாய்

கோம்பையில் நாய் வளர்த்து விற்கும் ஏசுரத்தினம் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் வீசினார். மூன்று நாய்களில் ஒன்று கொட்டகைக்குள் ஓடியது. ஒன்று நிதானமாக வந்து தட்டை மோந்து பார்த்தது. மூன்றாவது பாய்ந்து கவ்வியது.

"மோந்து பாத்துச்சுல்ல, அதைக் கொண்டு போ தாயி. வீட்டுக்கு அதுதான் லாயக்கு."

தட்டைக் கவ்விய நாயைத்தான் நான் கேட்டேன்.

"வீட்டைக் காக்கவா, ஆளைக் குதறவா?"

"ரெண்டுக்கும்."

என் கணவர் வேல்முருகன் என் மணிக்கட்டைப் பார்த்தார். கயிற்றுத் தடம் மறையவில்லை. போன மாதம் ஜீப் ஓட்டும் ஜிபி எங்கள் பழைய நாய்க்குக் கறியில் விஷம் வைத்து, பட்டப்பகலில் வீடு புகுந்து, என்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டு, உலர்ந்த ஏலக்காயை மூட்டையோடு தூக்கிப்போனான். சாட்சி இல்லை என்று போலீஸ் அனுப்பிவிட்டது. காய் எடுக்கும் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் தினமும் போகிறான். போகும்போது ஹார்ன் அடிப்பான்.

"முதல்ல விடச் சொல்லிக்குடு. அதுக்கப்புறந்தான் பிடிக்க. மாத்திச் செஞ்சா கையில நிக்காது," என்றார் ஏசுரத்தினம்.

உடும்பஞ்சோலையில் எங்கள் வீட்டுக்கு வந்து நான் நாயைப் பிடிக்க மட்டும் பழக்கினேன். வேல்முருகன் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓடுவார். "விடுன்னு சொல்லு ஆனந்தி!" என்று கத்துவார். சாக்கு கிழியும்வரை நான் பேசமாட்டேன்.

ஒரு காலையில் ஜீப் நின்றது. ஜிபி இறங்கிச் சிரித்தான்.

"சேச்சி, புது நாயா? இதுக்கும் கறி தரட்டா?"

சங்கிலியை அவிழ்த்தேன். "பிடி."

நாய் அவன் தொடையைக் கவ்வியது.

"ஐயோ, விடச் சொல்லு சேச்சி!"

"அன்னைக்கு நீ என்ன செஞ்சேன்னு இவங்ககிட்டச் சொல்லு."

சொன்னான். விஷம், கயிறு, மூட்டை, எல்லாம். எட்டுப் பெண்கள் ஜீப்பிலிருந்து கேட்டார்கள்.

"நாங்க உக்கார்ற வண்டியிலயாடா களவாண்ட காயை ஏத்துன?" என்று செபமாலையம்மாள் காறித் துப்பினாள்.

"விடு," என்றேன். நாய் விடவில்லை. வேல்முருகன் ஓடிவந்து மண்வெட்டிக் காம்பைக் கொடுத்துத் தாடையை நெம்பினார். அது ஜிபியை விட்டு அவர் கையைக் கவ்வியது. அந்தக் கையில் சாக்கு இல்லை.

சங்கிலி தானாக அவிழ்ந்தது என்று எட்டுப் பெண்களும் போலீஸிடம் ஒரே வாயாகச் சொன்னார்கள். ஜிபி சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்கள்.

நாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"அவன் கால்?" என்றார் ஏசுரத்தினம்.

"புண்ணு அழுகி எடுத்துட்டாங்க."

"உன் வீட்டுக்காரருக்கு?"

"ரெண்டு விரல்."

அவர் சங்கிலியை வாங்கிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் நான் வேல்முருகனின் விரல்களைத்தான் நினைத்திருக்க வேண்டும். ஜிபியின் காலைத்தான் நினைத்தேன். அவன் வீடு புகுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.