கமிஷனர் வீட்டு டிவி

எங்கள் அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு டிவி. அந்த டிவி மட்டும் அறையில் இல்லை. விமானத்தில் போனால் அரை நாள் தூரத்தில், கமிஷனருடைய வீட்டு ஹாலில் இருந்தது. சத்தம் மட்டும் இங்கே.

கமிஷனர் என்பது நான் வைத்த பெயர். மனுஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பகல் முழுக்க அந்தரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கீழே இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, தரைக்கு இறங்கின பிறகும் எல்லோரும் தனக்குக் கீழேதான் நிற்கிறார்கள் என்ற நினைப்பிலேயே பேசுவார். "சோப்பை அங்க வைக்காத." "ஜன்னலைச் சாத்து." "சாதம் குழைஞ்சு போச்சு, நாளைக்குத் தண்ணி குறை." நான் அதே துறைமுகத்தில் மீனும் பழமும் வந்திறங்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கிறவன். வேலைதான் குளிர்ச்சி, குணம் சுடுதண்ணீர் என்று என் அக்கா சொல்வாள். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே அறையில் போட்ட புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோதுதான் அவர் அந்த வேலையைச் செய்துவிட்டு வந்திருந்தார். திரையில் கீறல் விழுந்த பழைய போன் ஒன்றை ஒரு ஸ்டூலில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, டிவிக்கு நேராக நிறுத்தியிருக்கிறார். சார்ஜர் எப்போதும் அதில் செருகியே இருக்கும். அதன் கேமரா டிவியைப் பார்க்கும், மைக் கேட்கும், இரண்டும் இங்கே இவர் போனுக்கு வந்து சேரும். அது பார்ப்பதற்கு. ஆட்டி வைப்பதற்கு இன்னொன்று. தீப்பெட்டி அளவு சர்க்யூட் பலகை. ரிமோட்டின் மூக்கில் இருக்குமே, அந்த மாதிரி பல்பை நாலு பக்கமும் தானே பற்றவைத்து, டிவிக்குக் கீழே அலமாரித் தட்டில் வைத்திருந்தார். வீட்டு ரிமோட்டின் ஒவ்வொரு பொத்தானையும் அதற்கு முன்னால் அழுத்திக் காட்டினால் அது கற்றுக்கொள்ளுமாம். பிறகு இங்கே போனில் அவரே எழுதிய செயலியைத் தொட்டால் அங்கே சானல் மாறும்.

நான் வாய் பிளந்து கேட்டது உண்மைதான். அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"எல்லாம் சரி அண்ணே. அதே செய்தி, அதே சினிமா நேரா போன்லயே வருதே? எதுக்கு தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும்?"

"அது வேறடா. இது எங்க வீட்டு டிவி. நான் இங்க பாக்கும்போது அவங்க ரெண்டு பேரும் அங்க சோபாவுல உட்கார்ந்து பாக்குறாங்க. மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்த மாதிரி. உனக்குச் சொன்னா புரியாது."

அவங்க ரெண்டு பேர் என்றால் மனைவியும் கல்லூரிக்குப் போகும் மகளும். கமிஷனர் சிரித்து நான் பார்த்தது அந்த 'மூணு பேரும் ஒண்ணா' என்ற இடத்தில் மட்டும்தான்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் கால் கழுவுவதற்கு முன்னால் டிவி. மகள் படிக்க வேண்டும் என்று செய்தி போடுவார். மனைவிக்கு இதெல்லாம் தெரியட்டும் என்று லாரி, டிராக்டர் எந்திரங்களைப் பிரித்துக் காட்டும் சானல் போடுவார். படுக்கும்போது அணைத்துவிட்டு, அதே விரலால் போனையும் மூடி வைப்பார். தினமும் நடுவே ஒரு தடவை வீட்டுக்குப் பேசுவார். "பாத்தியா?" என்பார். "பாத்தோங்க" என்று பதில் வரும். முடிந்தது குடும்பம்.

எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு ஊதாப் புள்ளியால். ரிமோட் பல்பின் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சில பழைய கேமராக்களுக்குத் தெரியும். இவர் இங்கே பொத்தானைத் தொட்டால், படத்தில் டிவிக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னும், உடனே சானல் மாறும். அழகாக இருக்கும். சண்டை போட்டுக்கொண்டே நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்ததில் ஒன்று உறைத்தது. சோபாவில் இருப்பவர்கள் தங்கள் ரிமோட்டால் மாற்றினால் புள்ளி மின்னாமல் சானல் மாற வேண்டும். ஒரு நாள்கூட அப்படி மாறியதில்லை.

"அண்ணே, உங்க வீட்ல யாருமே ரிமோட்டைத் தொடுறதில்லையே, கவனிச்சீங்களா?"

"தொட மாட்டாங்க. நான் பாக்கும்போது தொட மாட்டாங்க. வளர்ப்பு அப்படி." பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்கு மண்டை குடைந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி டிராக்டர் கியரை ஒரு மணி நேரம் வாய் மூடிப் பார்ப்பாளா? என் அக்கா மகளாக இருந்தால் டிவியைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டிருப்பாள். சோதித்துப் பார்ப்போம் என்றேன். வேண்டாம் என்றவர், மறுநாள் தானே ஆரம்பித்தார். அவருக்கும் உள்ளுக்குள் அரித்திருக்க வேண்டும்.

முதலில் தோசைக்கல் விற்கிற சானல். ஒருவர் அதே கல்லைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தார். புள்ளியும் இல்லை, மாற்றமும் இல்லை. அடுத்த நாள் சத்தத்தை ஏற்றினோம். எங்கள் பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டினார், அங்கே யாரும் குறைக்கவில்லை. மூன்றாம் நாள் கமிஷனர் சினிமா சானலைப் போட்டு, உடனே செய்திக்கு மாற்றிவிட்டு, போனில் கேட்டார்.

"படம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தாங்க இருந்துச்சு. கடைசியில கொஞ்சம் அழுகை."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சிரிக்க நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"வீட்ல இல்லையோ?" என்றார். "எங்க போறாங்க? எதுக்குப் பொய் சொல்லணும்? நான் அங்க உட்கார்ந்திருக்கிறதா நினைச்சுட்டு இருக்கேனே, யார் கூடடா உட்கார்ந்திருக்கேன்?"

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாதம் குழைந்ததைக்கூடச் சொல்லவில்லை. எனக்கே என்னவோ போலிருந்தது.

அதற்கடுத்த நாள் மாலை, வழக்கம்போல டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. "பாத்துக்க, வந்துடறேன்" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். எனக்குத் தலைவலி. ஐந்து நிமிஷமாவது நிம்மதி கிடைக்கட்டும் என்று அணைக்கிற பொத்தானைத் தொட்டேன். ஊதாப் புள்ளி மின்னியது, டிவி அணைந்தது.

போனை மூடப் போனவன் நின்றுவிட்டேன். கறுத்துப் போன டிவிக் கண்ணாடியில் அந்த வீட்டு ஹால் தெரிந்தது. டியூப் லைட், சுவரில் காலண்டர், நடுவில் ஸ்டூல், அதற்குப் பின்னால் சோபா. சோபாவில் ஆள் இல்லை. துவைத்த துணி மலை போலக் குவிந்து கிடந்தது. இத்தனை நாளும் இவர் அணைத்ததும் போனையும் மூடிவிடுவார் இல்லையா, அதனால் இதைப் பார்த்ததே இல்லை.

டிவிச் சத்தம் நின்றதும் வீட்டுச் சத்தம் கேட்டது. எங்கேயோ தண்ணீர்க் குழாய். ஒரு பெண் குரல்.

"அம்மா, அப்பா அணைச்சுட்டார்!"

"இவ்வளவு சீக்கிரமாவா? உடம்பு கிடம்பு சரியில்லையோ?"

"அதெல்லாம் இருக்காது. வா, வா."

கையில் தட்டோடு ஒரு பெண் வந்தாள். துணியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, சோபாவில் விழுந்து காலை நீட்டினாள். பின்னாலேயே அவள் அம்மா, அவளும் தட்டோடு. ஓரமாக, பாதி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள்.

"அப்பாடா! சமையல் ரூம் தரையில உட்கார்ந்து உட்கார்ந்து முதுகே போச்சும்மா."

"மெதுவாப் பேசுடி."

"டிவிதான் ஆஃப் ஆயிடுச்சே, இனிமே அவருக்கு எப்படிக் கேக்கும்? ரிமோட் எடு. பாட்டுப் போட்டி ஓடிட்டிருக்கும்."

"வேண்டாம். நடுவுல வந்து மாத்திடுவார். அரைகுறையாப் பாக்கிறதுக்குப் பாக்காமலே இருக்கலாம்."

"இது நம்ம வீட்டு டிவிம்மா!"

"அவர் வீட்டு டிவியும்தான். பாவம், அங்க அவருக்கு வேற என்ன இருக்கு? பாத்துட்டுப் போகட்டும். இங்க இருந்தப்போ மட்டும் என்ன? அவர் டிவி முன்னாடி உட்கார்ந்தா நாம உள்ள போயிடுவோம்."

"அப்போ சோபாவுல ஆள் இருந்தார். இப்போ யாருமே இல்லாத சோபாவுக்கு வழி விட்டுட்டு உள்ள உட்கார்ந்திருக்கோம். வெளிய சொன்னா சிரிப்பாங்க."

என் தோளில் சொட்டென்று தண்ணீர் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் கமிஷனர், இடுப்பில் துண்டோடு, தலை துவட்டாமல் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. போனை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்காமல் என் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

கண்ணாடியில் பார்த்தோம். மணி அடித்ததும் இரண்டு பேரும் சோபாவிலிருந்து எழுந்து நின்றார்கள். தெரியாத எண் என்றதும் அந்தம்மா தயங்கித்தான் எடுத்தாள். "நான்தான்" என்று இவர் சொன்னதும் மகளின் வாயைக் கையால் பொத்தினாள்.

"சொல்லுங்க. என்ன, வேற நம்பர்ல இருந்து?"

"என் போனைச் சார்ஜுல போட்டிருக்கேன். என்ன பண்றீங்க?"

"டிவி பாத்துட்டிருந்தோங்க. நீங்க அணைச்சீங்களா, அதான் சும்மா இருக்கோம்."

"என்ன பாத்தீங்க?"

அந்தம்மா மகளைப் பார்த்தாள். மகள் இரண்டு கையையும் விரித்தாள்.

"அதாங்க... நீங்க போட்டதுதான்."

இப்போது வெடிக்கும் என்று நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். கமிஷனர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தா பாரு. இப்போ அணைச்சதோட சானல் மாத்துற மிஷின் கெட்டுப் போச்சு. இங்கிருந்து என்ன அழுத்தினாலும் வேலை செய்யல. இனிமே நீங்கதான் போடணும். போனு மட்டும் அப்படியே இருக்கட்டும். நீங்க போடுறதை நான் பாக்குறேன்."

"ஐயையோ. என் தம்பியை வந்து பாக்கச் சொல்லட்டுமா?"

"யாரையும் கூப்பிடாத! அதை யாரும் தொடக் கூடாது."

"இல்லங்க, நாங்க போடுறது உங்களுக்குப் பிடிக்காதே..."

"பிடிக்குதா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். போடு. சோபாவுல உட்கார்ந்து போடு."

பதவியைத் துறக்கிறபோதும் மனுஷனுக்கு உத்தரவாகத்தான் வருகிறது. போனை வைத்துவிட்டு, என் கையிலிருந்த தன் போனை வாங்கினார். ரிமோட் செயலியை விரலால் அழுத்திப் பிடித்தார். அழிக்கட்டுமா என்று அது கேட்டது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். எத்தனை நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதின செயலி அது என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அங்கே மகள் ரிமோட்டை எடுத்தாள். டிவி எரிந்தது. எரிந்ததும் கண்ணாடியில் தெரிந்த சோபாவும் அவர்களும் மறைந்துபோனார்கள். மேடை, விளக்கு, பாட்டுப் பாடும் ஒரு பையன், அவ்வளவுதான் தெரிந்தது.

"போச்சு," என்றார் கமிஷனர்.

"போனைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கண்ணே. சோபா பக்கம். முகம் தெரியும்ல."

"வேணாம்டா. அப்புறம் சோபாவுலயும் உட்கார மாட்டாங்க."

கட்டிலில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். பாட்டுப் போட்டி என்றால் அவருக்கு எட்டிக்காய். ஒருவன் பாடுவான், மூன்று பேர் அழுவார்கள், விளம்பரம் வரும். மனுஷன் அசையவில்லை. பாட்டுக்கு நடுவே ஸ்டூலுக்குப் பின்னாலிருந்து தட்டில் விரல் படுகிற சத்தம் வந்தது. மகள் யாரையோ கேலி செய்தாள். அம்மா சிரித்தாள், வாய்விட்டு, நல்ல சத்தமாக. இத்தனை மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. கமிஷனர் போனைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அப்பா பாக்குறாரா என்னம்மா?" என்றது மகளின் குரல்.

"இதையா? அவருக்கு ஆகவே ஆகாது. இந்நேரம் தூங்கியிருப்பார். அசதியா இருக்கும். சத்தத்தைக் கொஞ்சம் குறைடி, அவர் காதுக்குள்ள அலறும்."

திரையில் சத்தக் கோடு கட்டம் கட்டமாக இறங்கியது.

"தூங்கல பாப்பா," என்றார் கமிஷனர் போனைப் பார்த்து. "பாத்துட்டுதான் இருக்கேன். குறைக்காத."

அந்த மிஷினில் இங்கே பேசுவது அங்கே கேட்காது. அதைக் கட்டியவர் அவர்தான். கோடு கடைசிக் கட்டம் வரைக்கும் இறங்கியது, அவர் மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார்.